பிரேக்கில் நுரை

அந்தக் கார் கழுவும் கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. திடுக்கு என்றால்தான் தெரியும். வயதில் சின்னவர்கள் திடுக்கக்கா என்பார்கள். பின்னாலிருந்து யாராவது ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிவிடும். கையில் என்ன இருந்தாலும் தரைக்குப் போய்விடும். துணி விழுந்தால் பரவாயில்லை. ஒருமுறை தோல் சீட்டுக்குத் தடவுகிற பால் முழுப் பாட்டிலோடு விழுந்து, கடைத் தரையில் மூன்று பேர் வரிசையாக வழுக்கினார்கள்.

பிறவிக் குணம் என்று அவளுடைய அம்மா சொல்வாள். "ஆஸ்பத்திரில நர்ஸ் தும்மினதுக்கு ஊரைக் கூட்டினவ இவ, பொறந்த அன்னைக்கே." குக்கர் விசில் அடிப்பதற்குள் அடுக்களையை விட்டு வெளியே வந்துவிடுவாள். போன் மணி அடித்தால் நெஞ்சில் கைவைத்துக்கொண்டுதான் எடுப்பாள். பல்லி, லிஃப்ட், ஊசி, கதவு மணி, மாடிப்படியில் எதிரே வருகிற ஆள், எல்லாமே பயம்தான். கலியாணம் ஆன புதிதில் அவள் கணவர் விளையாட்டாகக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். அவள் கையிலிருந்த கரண்டி அவர் நெற்றியைப் பதம் பார்த்தது. அதற்கப்புறம் அவர் விளையாடவில்லை.

முதலில் அவள் துணி தைக்கும் கம்பெனியில் இருந்தாள். அங்கே மேற்பார்வை பார்க்கிறவருக்கு ஒரு கெட்ட பழக்கம். வேலை சுணங்கினால் வாயால் சொல்ல மாட்டார், பின்னால் வந்து நின்று இரும்பு அளவுகோலால் மேசையில் ஓங்கி அடிப்பார். ஒரு நாள் அவர் அடித்த அடியில் இவள் விரல் நகர்ந்து, ஊசி நகத்தின் வழியே இறங்கிவிட்டது. கட்டுப் போட்ட விரலோடு வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை.

கார் கடைக்கு அவள் வந்ததே பயத்தினால்தான் என்று சொல்ல வேண்டும். வெளியே தண்ணீர் பீச்சுகிற இரைச்சல் இருந்தாலும், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டால் கார் ஒரு சின்ன அறை மாதிரி. முதுகுப் பக்கம் சீட்டு இருக்கிறது. யாரும் பின்னாலிருந்து வர முடியாது. வேலையும் அவள் கைக்கு ஏற்றது. டேஷ்போர்டு இடுக்குகளில் மெல்லிய பிரஷ்ஷை விட்டுத் தூசியை எடுப்பது, சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துத் துடைப்பது, தோல் சீட்டில் நுரையை வட்டமாகத் தேய்த்து அழுக்கு மேலே வந்ததும் துணியால் ஒற்றி எடுப்பது, கடைசியில் தோல் வெடிக்காமல் இருக்க அந்தப் பாலைத் தடவி ஊறவிடுவது. அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வேலை வராது. சீட்டில் குட்டிக் குட்டித் துளை இருந்தால் நுரையை நேராக அடிக்கக் கூடாது, உள்ளே இறங்கிப் பஞ்சு நாறிவிடும். பிரஷ்ஷில் வாங்கித்தான் தேய்க்க வேண்டும். இதையெல்லாம் அவள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் செய்தாள். காருக்குள் இருக்கும்போது மட்டும் அவள் தோள்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

கடையில் அவளோடு சேர்த்து மூன்று பேர். முதலாளியம்மா, எப்போதும் போனில் இருப்பார். வண்டியின் வெளிப்புறத்தைத் தண்ணீர் பீச்சிக் கழுவுகிறவரைத் தண்ணி அண்ணன் என்பார்கள். புதிதாகக் கேட்கிறவர்கள் அவர் முகத்தை ஒரு மாதிரி பார்ப்பார்கள். மனிதர் ஆயுசில் ஒரு சொட்டுக் குடித்தவர் இல்லை. கழுவி முடித்த வண்டியை நிழலுக்கு நகர்த்துவதும் அவர்தான். திடுக்கு உள்ளே வேலையாக இருக்கும்போதே ஏறி உட்கார்ந்து மெதுவாக நகர்த்துவார். அவளுக்கு அது பழகிவிட்டது. தலையைக்கூடத் தூக்க மாட்டாள்.

அன்றைக்கு வந்தது மூன்று வரிசை சீட் உள்ள பெரிய வண்டி. கண்ணாடியெல்லாம் கறுப்பு. சீட்டெல்லாம் பாலாடை நிறத்தில் தோல். குழந்தை இருக்கிற வீட்டில் இந்த நிறத்தை வாங்கியவரைப் பார்க்கத் திடுக்குவுக்குப் பாவமாக இருந்தது. நடு வரிசையில் பேனாக் கோடு, சாக்லேட், புது ஜீன்ஸிலிருந்து ஏறிய நீலம். வண்டிக்காரர் ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டவர். சாவியை முதலாளியம்மாவிடம் கொடுத்துவிட்டு, "எதிர் பில்டிங்லதான் ஆபீஸ். சாயங்காலம் எடுத்துக்கறேன்," என்று போனார். ஒரு சாவிதான் கொடுத்தார். இன்னொன்று அவர் பையிலேயே இருந்தது.

திடுக்கு முன்பக்கம் ஆரம்பித்தாள். ஸ்டீயரிங்கைத் துடைத்துப் பால் தடவினாள்; அது கொஞ்ச நேரம் ஊற வேண்டும், பிறகுதான் உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். பிரேக், ஆக்ஸிலேட்டர் இரண்டிலும் சேறு காய்ந்து அப்பியிருந்தது. அதன்மேல் நுரையை நன்றாக அடித்து, ஊறட்டும் என்று விட்டாள். அந்த நேரத்தில் பின்பக்கத்தைப் பார்த்துவிடலாம் என்று, தூசி வராமல் கதவுகளைச் சாத்திக்கொண்டு, மூன்றாம் வரிசைக்குப் போனாள். நடு சீட்டுக்கும் கடைசி சீட்டுக்கும் நடுவே தரையில் குப்புறப் படுத்து, கையை நீட்டி, நடு சீட்டு முன்னும் பின்னும் நகர்கிற தண்டவாளத்தில் சிக்கியிருந்த பிஸ்கட் தூளைப் பிரஷ்ஷால் குடைந்தாள். அவள் போன் கடை மேசையில் சார்ஜில் இருந்தது.

முன் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. வண்டி உறுமியது. அண்ணன் நகர்த்துகிறார் என்று நினைத்தாள். பிஸ்கட் தூளோடு ஒரு பென்சிலும் கிடந்தது. அதை எடுத்துப் பையில் போட்டாள்.

வண்டி வலது பக்கம் திரும்பியது. நிழல் இடது பக்கம்.

பிறகு ஒரு சின்னக் குலுக்கல், கடை வாசலில் இருக்கிற சரிவு. அப்புறம் ஹாரன் சத்தங்கள், பஸ் ஒன்றின் இரைச்சல், வேகம். திடுக்குவின் கை பிரஷ்ஷோடு அப்படியே நின்றது. மெல்லத் தலையைத் திருப்பி, இரண்டு சீட்டுக்கு நடுவில் இருந்த சந்து வழியே பார்த்தாள். தெரிந்தது தண்ணி அண்ணனின் வழுக்கைத் தலை இல்லை. வெட்டிச் சீவிய கறுப்பு முடி, மூக்குக் கண்ணாடியின் ஓரம்.

வாயைத் திறந்தாள். அதே நேரம் வண்டிக்குள் ஒரு பெண் குரல், ஸ்பீக்கரிலிருந்து பெரிதாக வந்தது. திடுக்கு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சார், ஸ்கூல்லேருந்து மறுபடியும் பேசறேன். பொண்ணு முழிச்சிட்டுதான் இருக்கா. படியில விழுந்ததுல கை மட்டும்... கொஞ்சம் வளைஞ்ச மாதிரி இருக்கு. பயப்படாதீங்க. சீக்கிரம் வாங்க."

"வந்துட்டே இருக்கேன். அவகிட்ட சொல்லுங்க, அப்பா வந்துட்டே இருக்கேன்னு சொல்லுங்க."

போன் அணைந்தது. வண்டிக்காரர் தனக்குத்தானே பேச ஆரம்பித்தார். "ஒண்ணும் ஆகாது. ஒண்ணும் ஆகாது. கைதானே. ஒண்ணும் ஆகாது." அந்தக் குரல் அழுகைக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது. பிறகு, "சே, என்ன இது, வழவழன்னு?" என்று ஒரு கையைப் பேன்ட்டில் துடைத்தார்.

ஸ்டீயரிங்கில் பால். திடுக்குவுக்கு அப்போதுதான் முழுவதும் உறைத்தது. ஸ்டீயரிங்கில் பால் என்றால், பிரேக்கில் நுரை.

உடனே சொல்லிவிட வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எப்படிச் சொல்வது? யாரும் இல்லை என்று ஒரு ஆள் நினைத்து வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார், அதுவும் குழந்தைக்கு அடிபட்ட பதற்றத்தில். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து திடீரென்று "சார்" என்று ஒரு குரல் வந்தால் என்ன ஆகும்? வேறு யாருக்கும் தெரியாமல் போகலாம், திடுக்குவுக்குத் தெரியும். தோள் காதுக்கு ஏறும். கையில் இருப்பது விழும். அவர் கையில் இருப்பது ஸ்டீயரிங்.

சொன்னாலும் சாவு, சொல்லாவிட்டாலும் சாவு என்று தோன்றியது. சிக்னல் வரட்டும், வண்டி நிற்கட்டும், அப்போது சொல்லலாம் என்று முடிவு செய்தாள். தரையில் கிடந்தபடி மேலே பார்த்தால் கட்டடங்களின் உச்சியும் கம்பங்களும் ஓடிக்கொண்டிருந்தன.

சிக்னல் வந்தது. வண்டிக்காரர் பிரேக்கை மிதித்தார். அவர் செருப்பு சர்ரென்று வழுக்குவது திடுக்குவின் காதில் விழுந்தது. வண்டி நிற்காமல் முன்னால் பாய்ந்தது. "ஏய் ஏய் ஏய்!" என்று கத்தியபடி அவர் மறுபடி மிதித்தார். இந்தத் தடவை பிடித்தது. திடுக்கு உருண்டு நடு சீட்டின் முதுகில் மோதினாள். சந்து வழியே முன்னால் நின்ற பஸ்ஸின் பின்பக்கம் தெரிந்தது. அதன் விளக்கில் விரிசல் இருப்பதுகூடத் தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில்.

"செருப்பு ஈரமா?" என்று அவர் தன் காலைத் தரையில் தேய்ப்பது கேட்டது.

இப்போது. இப்போதே. திடுக்கு வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. எச்சிலைக் கூட்டி விழுங்கி, "சா" என்றாள். அது வெறும் மூச்சாகப் போனது. பச்சை விழுந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் கிளம்பிவிட்டார்.

அவள் அழுதாள். சத்தம் வராமல் அழ அவளுக்குத் தெரியும், தையல் கம்பெனியில் பழகியது. அழுதுகொண்டே யோசித்தாள். தன்னைப் பயப்படுத்தாத சத்தம் எது? பெயின்ட் வேலை முடிந்து கணவர் வீட்டுக்கு வரும்போது தெருமுனையிலேயே ஒரு இருமல் இருமுவார். வாசலில் இன்னொன்று. பிறகு சாவிக்கொத்தை ஆட்டுவார். சத்தம் தூரத்திலிருந்து சின்னதாகப் பிறந்து, கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து கிட்டே வந்தால் அவள் திடுக்கிடுவதில்லை. ஆனால் ஆளில்லாத காருக்குள் இருமல் கேட்டால், எவ்வளவு சின்ன இருமலாக இருந்தாலும் மனுஷன் பேய் என்றுதான் நினைப்பார். ஆள் போடுகிற சத்தமே கூடாது. கார் போடுகிற சத்தமாக இருக்க வேண்டும்.

பிரஷ்ஷின் பிடியால் தண்டவாளத்தை மெதுவாகத் தட்டினாள். டொக். டொக். டொக்.

வண்டிக்காரர் தலை கொஞ்சம் சாய்ந்தது. ஏசியைக் குறைத்தார்.

டொக். டொக்.

"எதுவோ லூசாயிருக்கு," என்றார். "இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." வேகம் குறையவே இல்லை.

குழந்தைக்குக் கை வளைந்திருக்கும்போது எந்த அப்பன் லூசான நட்டுக்காக நிறுத்துவான்? வண்டி மேம்பாலத்தில் ஏறுவது முதுகில் தெரிந்தது. ஏறினால் இறங்க வேண்டும். இறக்கத்தின் அடியில் சிக்னல் இருக்கிறது. தினமும் பஸ்ஸில் வருகிறவளுக்கு அது தெரியும். அவர் கட்டாயம் நிறுத்தியே ஆக வேண்டிய சத்தம் ஒன்று வேண்டும்.

ஒரு தடவை கணவரோடு, ஏணியும் டப்பாவும் ஏற்றிய வேனின் பின்னால் உட்கார்ந்து போனபோது டயரில் காற்று இறங்கியது. அந்தச் சத்தம் அவளுக்கு மறக்கவில்லை. பயந்த சத்தம் எதுவுமே அவளுக்கு மறப்பதில்லை. மூன்றாம் வரிசையின் பக்கவாட்டில், பின் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே புடைத்துக்கொண்டு இருந்தது. நகர்ந்து அதன் பக்கத்தில் போனாள். கையை முஷ்டியாக்கி, துணியைச் சுற்றி, அடித்தாள்.

தப். தப். தப். தப்.

முதலில் மெல்ல. பிறகு கொஞ்சம் பலமாக. வண்டியின் வேகத்துக்குத் தகுந்தபடி தப்தப்தப்தப் என்று.

"ஐயோ, டயரா?" அவர் குரல் உடைந்தது. "இப்பவா? இப்பதானா?"

காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தார். வண்டி தளர்ந்தது. திடுக்குவும் தளர்த்தினாள். தப்... தப்... தப். அதுதான் அவரை நம்ப வைத்தது. பாலத்தின் உச்சிக்குப் போகாமல், ஓரமாக ஒதுங்குவதற்கு விட்டிருந்த இடத்தில் வண்டியைத் திருப்பினார். பிரேக்கை மிதித்தார். கால் மறுபடி வழுக்கியது. ஆனால் வண்டி ஏற்றத்தில் நடை வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. சக்கரம் நடைபாதைக் கல்லில் உரசி, முனகி, தானாகவே நின்றது. அவர் எதையோ அழுத்தினார், கதவைத் திறந்தார், இறங்கினார்.

வண்டி நின்றுவிட்டது. திடுக்கு அப்படியே கிடந்தாள். கை வலித்தது. உயிர் போய்த் திரும்பி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கினாள்.

வண்டிக்காரர் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. சுற்றி வந்து அந்தப் பக்க டயரையும் உதைத்தார். அதுவும் கல் மாதிரி இருந்தது. ஒன்றும் புரியாமல் நிமிர்ந்தார். சரியாக அந்த நேரத்தில்தான் திடுக்கு சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், இரண்டு கையிலும் கறுப்பு உறை.

கறுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு முகங்கள் ஒரு சாண் தூரத்தில் பார்த்துக்கொண்டன.

அவர் அலறினார். அதைக் கேட்டு அவள் அவரைவிடப் பெரிதாக அலறினாள். அவர் நடைபாதையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். மூக்குக் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. திடுக்கு நடு சீட்டின் மேல் ஏறி, தான் இன்னும் துடைக்காத தோலில் முட்டியை ஊன்றி, கதவைத் திறந்து, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஒட்டிக்கொண்டிருந்த நாக்கு அப்போதுதான் விட்டது.

"சார், பிரேக்ல நுரை இருக்கு சார்!"

அவர் பேயறைந்தவர் போலப் பார்த்தார். "யாரு நீ... யாரு நீங்க?"

"சீட்டு தொடைக்கிறவ சார். கடையிலேருந்து. உள்ள படுத்துட்டிருந்தேன். நீங்க எடுத்துட்டு வந்துட்டீங்க. பிரேக்ல நுரை சார், அதான் வழுக்குது. ஸ்டீயரிங்லயும் பால் தடவியிருக்கேன். ஓட்டாதீங்க சார், தொடச்சுடறேன், ஒரு நிமிஷம்."

"அந்த டயர் சத்தம்?"

"நான்தான் சார்."

"வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல!"

"சொன்னா பயந்துடுவீங்கன்னு..."

"இப்ப மட்டும் பயப்படலையா?" என்று கத்தினார். கத்தியவர் சட்டென்று நிறுத்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன் சக்கரம் கல்லில் உரசி நின்ற இடத்தைப் பார்த்தார். அங்கிருந்து பாலம் இறங்குகிற பக்கத்தைப் பார்த்தார். உச்சியைத் தாண்டி வண்டிகள் நெருக்கியடித்து இறங்கிக்கொண்டிருந்தன. சிக்னலில் முன்னால் நின்ற பஸ் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மெல்ல எழுந்து நின்றார்.

அந்த வழியாக நடந்து வந்த ஒரு அம்மா பையோடு நின்றார். அவரை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை. "என்னம்மா, உன்னைக் கடத்திட்டுப் போறானா? சொல்லு, பயப்படாத."

"இல்லீங்க, இல்லீங்க. நான் வண்டியில வேலை செய்யறவ."

"அப்ப ஏன் கையைத் தூக்கிட்டு நிக்கற?"

திடுக்கு கையை இறக்கினாள். அந்த அம்மா நம்பாமல் கொஞ்ச தூரம் போய், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

திடுக்கு முன் கதவருகே முட்டி போட்டாள். உலர்ந்த துணியால் நுரையை வழித்தாள், ஈரத்துணியால் துடைத்தாள், மறுபடி உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். இன்னும் ஒருமுறை தேய்த்தாள். ஸ்டீயரிங்கைச் சுற்றிலும் ஒற்றினாள். "உங்க செருப்பைக் குடுங்க சார்," என்று வாங்கி அதன் அடியையும் துடைத்துக் கொடுத்தாள்.

"சார், கிளம்புங்க. பாப்பா காத்துட்டு இருக்கும். நான் இங்கேருந்து பஸ் பிடிச்சு..."

"ஏறுங்க," என்றார். "பாலத்து மேல எங்க பஸ் நிக்கும்? ஏறுங்கம்மா. எனக்கும் தனியா போக முடியும்னு தோணலை."

திடுக்கு எத்தனையோ கார்களின் முன் சீட்டைத் துடைத்திருக்கிறாள். அதில் ஒன்றில் பெல்ட் போட்டு உட்கார்ந்து போனது அன்றைக்குத்தான். அவர் மிக மெதுவாக ஓட்டினார். ஒவ்வொரு தடவை பிரேக்கை மிதிக்கும்போதும் இரண்டு பேரும் சேர்ந்து மூச்சைப் பிடித்தார்கள். வண்டி ஒழுங்காக நின்றதும் சேர்ந்து விட்டார்கள்.

பள்ளியில் பெண் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயசு இருக்கும். முகம் வெளுத்திருந்தது. மடியில் ஒரு கை இருக்கக் கூடாத விதத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் வண்டிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். திடுக்குவுக்கும் தலை சுற்றியது. எலும்பு, ரத்தம், ஊசி, எல்லாமே அவளுக்கு ஆகாதவை. ஆனால் அப்பா சுவரோடு நிற்கிறார், டீச்சர் போனில் இருக்கிறார், வேறு யார் இருக்கிறார்கள்? கையைப் பார்க்காமல் குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பின் சீட்டில் குழந்தையின் தலை அவள் மடியில் இருந்தது.

"அப்பா, இந்த ஆன்ட்டியை எங்கேருந்து கூட்டிட்டு வந்தீங்க?"

"கார்லயே இருந்தாங்கம்மா."

குழந்தை அண்ணாந்து அவளைப் பார்த்தது. "எப்பவுமேவா?"

முன்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று திடுக்குவுக்குத் தெரியவில்லை. அவள் பதில் சொல்வதற்குள் குழந்தை வாந்தி எடுத்துவிட்டது. அவள் மேல் பாதி, பாலாடை நிறத் தோலில் பாதி.

"சாரி ஆன்ட்டி," என்று குழந்தை அழுதது.

"சீட்டு போனா போகட்டும் கண்ணு, நீ அழாத," என்றார் அப்பா.

"போகாது சார். காயறதுக்குள்ள ஒத்தி எடுத்தா போயிடும்," என்று திடுக்கு இடுப்பிலிருந்து அடுத்த துணியை உருவினாள். ஒரு கையால் குழந்தையின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் துடைத்தாள். குழந்தை ஒவ்வொரு குலுக்கலுக்கும் முனகியபோது அவள் தோள்கள் காதுக்கு ஏறி இறங்கின. ஆனால் பிடித்த கையை அவள் விடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் கடையின் நினைவு வந்தது. கடை நம்பர் அவளுக்குத் தெரியாது. மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே நம்பர்தான். வண்டிக்காரரின் போனை வாங்கிக் கணவருக்குப் போட்டாள்.

அங்கே நடந்ததை அவள் பின்னால்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தண்ணி அண்ணன் மோட்டாரை அணைக்கப் பின்பக்கம் போய்த் திரும்பியபோது வண்டி நின்ற இடம் காலி. திருட்டு என்று கத்தினார். முதலாளியம்மா வாழ்க்கையில் முதல்முறையாகப் போனைக் கீழே வைத்தார். சாவி ஆணியில் தொங்கியது. சாவி இருக்கிறது, வண்டி இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இன்னொன்றும் இல்லை என்று தெரிந்தது. அவள் நம்பருக்குப் போட்டார்கள். மேசையில் அவள் போன் அடித்தது. அதிலிருந்தே அவள் கணவரைக் கூப்பிட்டார்கள். அவர் கடைக்கு வந்து சேர்ந்தபோது தண்ணி அண்ணன் தலையில் கைவைத்து, ஓடுகிற குழாயைக்கூட மூடாமல் உட்கார்ந்திருந்தாராம்.

போனில் அவள் குரலைக் கேட்டதும் கணவர், "பயந்துட்டியா?" என்று கேட்டார்.

"ரொம்ப," என்றாள்.

"எங்க இருக்க? அங்கயே இரு. நான் வரேன்."

கை முழுக்க வெள்ளைப் பெயின்ட்டோடு வந்தார். ஆஸ்பத்திரி நடையின் அந்தக் கோடியிலேயே இருமினார். குழந்தைக்குக் கட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். இரண்டு எலும்பில் ஒன்றில்தான் முறிவு, சேர்ந்துவிடும் என்றார் டாக்டர். வண்டிக்காரர் எழுந்து பெயின்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வந்து, சொல்ல முடியாமல், "உங்க வீட்டம்மா..." என்பதோடு நிறுத்திவிட்டார். அவர் சட்டைக் கையிலும் வெள்ளை ஒட்டிக்கொண்டது.

அன்றோடு அவள் பயம் போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். போகவில்லை. கூடத்தான் ஆனது. இத்தனை வருஷம் பயமில்லாமல் இருந்த ஒரே இடம் காரின் உள்பக்கம். இப்போது அதுவும் பயமாகிவிட்டது. கொஞ்ச நாள் கடைக்கே போகவில்லை. போன பிறகும் முன் சீட், நடு சீட்டோடு நிறுத்திக்கொண்டாள். மூன்றாம் வரிசை என்றால் கால் வராது. எவராவது உள்ளே இருந்தால் ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், சக்கரத்துக்கு முன்னால் மரக்கட்டை வைக்க வேண்டும் என்று முதலாளியம்மா சட்டம் போட்டார். துணி கட்டினாலும், கட்டை வைத்தாலும், என்ஜின் உறுமுகிற மாதிரி அவள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைசியில் தண்ணி அண்ணன்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "நீ கூப்பிட்டுட்டே இரு, நான் பதில் சொல்லிட்டே இருக்கேன்."

அப்படித்தான் அவள் மறுபடி மூன்றாம் வரிசைக்குப் போனாள். குப்புறப் படுத்து, கையை நீட்டி, தண்டவாளத்தைக் குடைந்துகொண்டே, "அண்ணே?" என்பாள்.

"இருக்கேன்மா."

இன்னும் கொஞ்சம் குடைவாள். "அண்ணே?"

"இங்கதான் இருக்கேன். நீ வேலையைப் பாரு."

ஒரு மத்தியானம் கூப்பிட்டபோது பதில் வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். இல்லை. பதறி எழுந்து எட்டிப் பார்த்தாள். வண்டி நின்ற இடத்தில்தான் நின்றது. ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணி இருந்தது. அண்ணன் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஏழெட்டு வண்டி கழுவிய அலுப்பு.

எழுப்பலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். கூப்பிட்டால் திடுக்கிட்டு எழுவார். வேண்டாம் என்று விட்டுவிட்டு, தூசி வந்தால் வரட்டும் என்று கதவை அகலத் திறந்துவைத்தாள். மறுபடி தரையில் படுத்து, ஒரு காலை மட்டும் கதவுக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, மிச்ச வேலையைச் செய்தாள்.